குபேரனுக்கு மருந்து

இது காளான் இல்லை. காளான் இல்லை, காளான் இல்லை என்று இன்னும் எத்தனை பேரிடம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது. மீனின் வாயோரத்தில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் போதும், உடனே காளான். கொளத்தூரில் வளர்ப்பு மீன் விற்கிறவன் செல்போனில் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் காளான் என்றான். மாடிவீட்டு ஏகாம்பரம் சார் கண்ணாடித் தொட்டியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுக் காளான் என்றார். என் நாத்தனார் வேதவல்லி, மீனைக் குழம்புச் சட்டிக்குள் தவிர வேறெங்கும் உற்றுப் பார்த்தறியாத வேதவல்லி, அவள்கூடக் காளான்தானாமே என்று எனக்கே வந்து செய்தி சொல்கிறாள். கடைக்காரன் ஒரு நீலத் திரவத்தைக் கொடுத்து, ஹீட்டரை ஏத்தி வையுங்கம்மா, சூட்டுல எல்லாம் உதிர்ந்துடும் என்றான். ஏற்றினேன். நானும் மடைச்சிதான். உதிர்ந்தது, வெள்ளை இல்லை, வால். பழைய பனியன் ஓரம் நைந்துபோகிற மாதிரி நூல்நூலாக நைந்து உதிர்ந்தது. அப்புறம்தான் புத்தி வந்து ப்யூலாவைக் கூப்பிட்டேன். என்னோடு கான்வென்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தவளை அறுத்தவள், மீன்வளக் கல்லூரியில் மீன்களின் நோய்களுக்கென்றே பாடம் நடத்துகிறவள். "காளான் இல்லடி, பாக்டீரியா. பார்க்கத்தான் பஞ்சு மாதிரி இருக்கும். சூடு ஏறினா அதுக்குக் கொண்டாட்டம். முதல்ல ஹீட்டரைப் பிடுங்கு" என்றாள். பிடுங்கினேன். இதோ, துணி ஊறவைக்கிற பெரிய டப் இப்போது இதற்கு ஆஸ்பத்திரி. பின்பக்க பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், சின்ன மோட்டாரிலிருந்து வருகிற குழாய் தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டிருக்க, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு புடைப்போடு, சிவப்பும் கறுப்புமாக, கிழிந்த வாலோடு மிதக்கிறது ஃபிளவர்ஹார்ன் என்கிற இந்த மீன். உள்ளே படுக்கையறையில் என் வீட்டுக்காரர் தூங்குகிறார், அல்லது தூங்குவதாகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். சாயந்திரம் டாக்ஸி வரும். இன்று அட்மிஷன், நாளைக் காலையில் பைபாஸ். கூடத்தில் வேதவல்லி உட்கார்ந்து இந்த மீன் சாவதற்காகக் காத்திருக்கிறாள்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காத்திருக்கிறாள் என்றால் காத்துத்தான் இருக்கிறாள். அவளுக்கு மட்டுமா, இந்த அயனாவரத்தில் பாதிப் பேருக்கு இது தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லையாம். வாஸ்து மீன் என்று ஒன்று உண்டு. அதை வீட்டின் வடகிழக்கு மூலையில் வைத்தால் வீட்டுக்கு வருகிற கண்டத்தை அது வாங்கிக்கொண்டு செத்துப்போகும். செத்ததும் அழக்கூடாது, இன்னொன்று வாங்கி விட்டுவிட வேண்டும். என்ன அழகான ஏற்பாடு. நீ தின்ன எண்ணெய்க்கும், நீ ஊதிய சிகரெட்டுக்கும், உன் ரத்தக்குழாயில் சேர்ந்த கொழுப்புக்கும், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் யாரிடமும் எதுவும் கேட்காமல் சுற்றிக்கொண்டிருக்கிற ஜீவன் பொறுப்பு. இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தபோது வாஸ்து பார்க்க வந்தவர் சொல்லி, வேதவல்லி நச்சரித்து, தொட்டி வந்தது. முதலில் இருந்த மீன் செத்த அன்றைக்கு என் மகள் சுபிக்‌ஷா கொன்னூர் ஹைரோட்டில் ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான், நிரூபணம் ஆகிவிட்டது. லாரி வந்திருக்க வேண்டிய இடமாம், மீன் வாங்கிக்கொண்டதாம். அந்த மீன் எதை வாங்கிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். வேதவல்லி தொட்டியில் போட்ட பன்னும் ரொட்டியும். தண்ணீர் கஞ்சியாகக் கலங்கி நாறியது, நான் என் கண்ணால் பார்த்தேன், என் கையால் அள்ளிக் கொட்டினேன். சொன்னால் யார் கேட்கிறார்கள். அடுத்ததாக வந்தது இது. குபேரன் என்று பேர் வைத்தார்கள். சாகப்போகிறதென்று தெரிந்தே வாங்கி வந்த ஒன்றுக்குப் பேர் வைக்க எப்படி மனசு வருகிறது. நான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் வாயில் எப்போதும் அது, ரொம்பக் கோபம் வந்தால் இவன்.

ஆரம்பத்தில் அவளும் வைத்தியம் பார்த்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். வாயில் வெள்ளை தெரிந்த புதிதில் தொட்டியில் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டாள். சாம்பார் கொதிக்கிற மாதிரி இருந்தது தண்ணீர். துளசியைக் கசக்கிப் போட்டாள். நான் சத்தம் போட்டேன், அவள் முனகினாள், இவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அந்த வாரக் கடைசியில்தான் இவருக்கு மாடிப்படியில் மூச்சு வாங்கியது, ஆஞ்சியோ எடுத்தார்கள், டாக்டர் திரையில் கறுப்புக் கொடிகளாக ஓடிய ரத்தக்குழாய்களைக் காட்டி இங்கே, இங்கே, இங்கே என்று பேனாவால் தொட்டார். ரிப்போர்ட் வந்த அன்றைக்கு மஞ்சள் நின்றது. துளசியும் நின்றது. வேதவல்லி தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நைந்த வாலை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள். "இனிமே மருந்து கிருந்து ஒண்ணும் வேணாம் அனுசு. அது தம்பிக்காகப் போகுது. தடுக்காதே" என்றாள். பார்க்க வந்தவர்களும் அப்படித்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வருவார்கள், நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் மீனைப் பார்ப்பார்கள். மீன் எவ்வளவு மோசமோ அவ்வளவு முகம் மலரும். ஏகாம்பரம் சார், மத்திய சர்க்காரில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலப் பேப்பரில் வாசகர் கடிதம் எழுதுகிறவர், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அப்ப சார் பொழைச்சிடுவார் என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்து காப்பியை வாங்கிக் குடித்தார். அந்த டம்ளரைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடவா சார் என்று கேட்டேன். கான்வென்டில் அதைத்தான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சரி, வேலையைப் பார். கையைக் கழுவு, முழங்கை வரைக்கும் சோப்பு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடாதே என்று ப்யூலா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தண்ணீரில் பாதியை மொண்டு கொட்ட வேண்டும், அடியில் படிந்த கசட்டைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும், புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், அது மருந்தைக் கட்டிப்போட்டுவிடும், அதனால் கேன் தண்ணீரைக் கலந்துகொள் என்றாள். மனுஷன் குடிக்கிற கேன் தண்ணியை மீனுக்கு ஊத்தறாளே என்று வேதவல்லி நேற்று யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது. ஊற்றுவேன். கேப்ஸ்யூலைப் பிரித்து மஞ்சள் பொடியை ஒரு டம்ளரில் தனியாகக் கரைத்து, குமிழி வருகிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வெளிச்சம் பட்டால் மருந்து வீரியம் போய்விடும், டப்பின்மேல் இவருடைய பழைய லுங்கியைப் போர்த்திவிட வேண்டும். இது ஒன்றும் மந்திரம் இல்லை. சுத்தமான தண்ணீர், காற்று, சரியான மருந்து, சரியான அளவு. இதைத்தானே நாளைக்கு இவருக்கும் செய்யப்போகிறார்கள். இதற்கு மருந்து கேட்டு நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே. நாய், பூனை பார்க்கிற டாக்டரிடம் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டே, மீனெல்லாம் பார்க்கறதில்ல மேடம், புதுசு வாங்கிக்கலாமே என்றாள். அதையேதான் எல்லோரும் சொல்கிறார்கள். புதுசு வாங்கிக்கலாம். உனக்கு ஒண்ணு ஆனா உன் வீட்லயும் புதுசு வாங்கிக்கலாமா என்று கேட்டிருப்பேன். அவளுக்கு என் மகள் வயசு, கேட்கவில்லை. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று என்கிற இந்த விவகாரம் எனக்குச் சின்ன வயசிலேயே ஆகாது. மாரல் சயின்ஸ் வகுப்பில் சிஸ்டர் பெர்னதீன் எல்லோருடைய பாவத்துக்கும் பதிலாகப் பலியான ஆட்டுக்குட்டியைப் பற்றி உருகி உருகிச் சொன்னார். வகுப்பே கண்கலங்கி உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து, ஆட்டுக்குட்டிகிட்ட யாராவது கேட்டாங்களா சிஸ்டர் என்றேன். வாதாம் மரத்தடியில் மணி அடிக்கிற வரைக்கும் நிற்க வைத்தார். வெயிலில் நின்றுகொண்டு, அவர் பதில் சொல்லவில்லை, சொல்லவே இல்லை என்று எனக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் அங்கே எல்லையம்மனுக்குக் கோழி நேர்ந்துவிட்டிருந்தார்கள். அதையும் யாரும் கேட்கவில்லை.

குனிந்து பார்க்கிறேன். வாயோரத்து வெள்ளை நேற்றைக்கு இன்று குறைந்திருக்கிறது. கண் ஏமாற்றவில்லை, குறைந்துதான் இருக்கிறது. காலையில் இரண்டு உருண்டைத் தீனியை வாயில் வாங்கித் துப்பாமல் விழுங்கிற்று. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, சுபிக்‌ஷா அம்மை வார்த்து எழுந்து முதல் தடவை ரசம்சாதம் கேட்ட மாதிரி இருந்தது. அப்படியே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனேன், இவருக்கு பிரஷர் பார்த்தேன், ஏறியிருந்தது. அங்கேதான் அந்தச் சனியன் பிடித்த எண்ணம் உள்ளே வந்தது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. யார் சொன்னது, வேதவல்லியா, இல்லை, என் குரல்தான், நல்ல உச்சரிப்போடு, எனக்குள்ளேயே. சீ என்றேன். ஆபரேஷன் பயத்தில் யாருக்கும்தான் ஏறும், டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் அது போகவில்லை. பல் இடுக்கில் மாட்டின நார் மாதிரி, நாக்கு அங்கேயே போகிறது. முந்தாநாள் மீன் அடியில் சாய்ந்து கிடந்தது, அன்றைக்கு இவர் நன்றாகத் தூங்கினார். நேற்று அது நிமிர்ந்தது, இவருக்கு இடதுகை வலித்தது. இல்லை, வலி அதற்கு முந்தின நாளே இருந்ததே. இருந்ததா. சொன்னாரா. பார், கணக்குப் போடுகிறேன். நான், இவர்களையெல்லாம் பார்த்து உதட்டைச் சுழிக்கிற நான், ஈரக் கையோடு நின்றுகொண்டு கணக்குப் போடுகிறேன். கேப்ஸ்யூல் விரல் நுனியில் இருக்கிறது, பிரிக்க வேண்டியதுதான் பாக்கி, பிரிக்கவில்லை. இந்தப் பொடியைக் கரைத்தால் நான் யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறேன். யாரிடமிருந்தும் எடுக்கவில்லை, முட்டாளே, மருந்துக் கடையிலிருந்து எடுத்தாய். நாளைக்கு அந்த வெள்ளை வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன், கதவு திறக்கும், டாக்டர் முகக்கவசத்தை இறக்குவார், அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஒன்று என்றால் வேதவல்லி என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். திட்டமாட்டாள். தலையிலடித்துக்கொண்டு அழுவாள், அழுகைக்கு நடுவில், குபேரன் நல்லா இருக்கானே, குபேரன் நல்லா இருக்கானே என்பாள். அது போதும் எனக்கு, ஆயுசுக்கும். இப்படி ஒரு தராசில் என்னை ஏற்றி உட்கார வைத்துவிட்டார்களே என்று வருகிற ஆத்திரத்தில் நகத்தால் கேப்ஸ்யூலைக் கிள்ளினேன். பொடி கொஞ்சம் தரையில் சிந்தியது.

சிந்தின பொடிமேல் ஒரு நிழல் விழுந்தது. காப்பி டம்ளரோடு வேதவல்லி நிற்கிறாள். மனசுக்குள் அவள் இவள் என்பேனே தவிர வாயில் அண்ணிதான், அவருக்கு மூத்தவள், அம்மா போனபிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். சண்டை போட வந்தவள் மாதிரி இல்லை. டம்ளரை வாஷிங் மெஷின்மேல் வைத்தாள், ஆறிடும், குடி என்றாள். நானே ஆரம்பித்தேன். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு நாலைந்து நாளாவது வீட்டில் அவள் மட்டும்தான், சுபிக்‌ஷா புனாவிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள், அதனால் இந்தத் தண்ணீரைத் தினமும் பாதி மாற்றி ஒரு கேப்ஸ்யூல் போட வேண்டும், ஒன்றும் பெரிய வேலை இல்லை என்று பால்காரனிடம் சொல்கிற மாதிரி முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சாவதானமாகச் சொன்னாள். "நீ போனப்புறம் நான் அதுல கை வெக்க மாட்டேன் அனுசு. சரின்னு தலையாட்டிட்டு செய்யாம விடறதுக்கு எனக்கு என்ன, ஒரு நிமிஷம் ஆகாது. உன்கிட்ட பொய் சொல்ல வேணாம்னுதான் சொல்லிடறேன்." எனக்கு எரிந்தது. பொய் சொல்லியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருப்பேன். ஓர் உயிரைப் பட்டினி போட்டு, மருந்தில்லாமல் அழுகவிட்டு அதன்மேல் தம்பியை நடத்திக் கூட்டிக்கொண்டு போவீர்களா என்றேன், கொஞ்சம் உரக்கவே. அவள் உள்ளறைப் பக்கம் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அப்புறம் சொன்னாள், தண்ணீரைப் பார்த்தபடி. "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சைப் பிடிச்சப்போ வீட்ல ஒரு மீன் இல்ல. ஒரு கிளி இல்ல, ஒரு ஆடு இல்ல. நான்தான் இருந்தேன். என்னை எடுத்துக்கோன்னு கத்தினேன். எடுத்துக்கல." அவ்வளவுதான். டம்ளரைக் காட்டி, ஆடை படிஞ்சிடுச்சு பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதைக்கேட்டு நான் உருகிப்போக வேண்டும், அதுதானே. உருகவில்லை. கோபம் கோபமாகவேதான் இருந்தது. துக்கம் இருக்கிறதென்று ஒருத்தி எதை வேண்டுமானாலும் கேட்கலாமா. யோசித்தேன். டப்போடு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்துக்கொள்ளலாமா, நர்ஸ் என்னையும் சேர்த்து அட்மிட் பண்ணிவிடுவாள். ஏகாம்பரம் சார் வீட்டில் விடலாமா, அவர் இதற்கு இரங்கல் கடிதமே எழுதிவைத்திருப்பார். ப்யூலா செங்கல்பட்டில் கல்யாணத்தில் இருக்கிறாள், இன்று வரமுடியாது என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். இன்னொரு வழியும் தோன்றியது. நல்ல வழி, பலிக்கிற வழி. அண்ணி, அதுவாகச் செத்தால்தான் கண்டம் போகும், நாமாகச் சாகவிட்டால் அது கொலை, அந்தப் பாவம் திரும்பி யார்மேல் வரும் என்று தெரியுமா என்று ஒரு போடு போட்டால் போதும். அலறிக்கொண்டு மருந்து போடுவாள். வேளை தவறாமல் போடுவாள். வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது, எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்பது உட்பட. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அவளுடைய பயத்தை ஒரு கயிறு என்று நினைத்து இழுக்கிறவளுக்கும் அந்த வாஸ்து பார்க்கிறவனுக்கும் என்ன வித்தியாசம். மொண்டு கொட்டு, மொண்டு கொட்டு. மீனைத் தூக்கிப் பக்கத்துப் பக்கெட்டில் விட்டேன், டப்பைச் சாய்த்து அடியைத் தேய்த்தேன், தேவைக்கு மேலேயே தேய்த்தேன். புதுத் தண்ணீர் ஊற்றினேன். மருந்தை இன்னும் கரைக்கவில்லை, கரைக்க வேண்டும், இதோ.

படுக்கையறைக் கதவு கிரீச்சிட்டது. இவர் வந்தார், தோளில் துண்டு, முகத்தில் தலையணை மடிப்பு. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் இயந்திரவியல் நடத்தின மனுஷன். பம்பு ஓடினால் ஏன் ஓடுகிறது, நின்றால் ஏன் நின்றது என்பதைத் தவிர உலகத்தில் வேறு மர்மம் கிடையாது என்கிறவர். தொட்டி வாங்கின நாளில் வாஸ்துக்காரனிடம், மீனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அதுக்கு நாங்க என்ன வளர்க்கணும் சார் என்று சிரித்துக்கொண்டே கேட்டு அவனை வாயடைக்க வைத்தவர். அந்தச் சிரிப்புக்காகவே இவரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு அன்றைக்கு ஒரு கர்வம் வந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பக்கெட்டைப் பார்த்தார். எப்படி இருக்கு என்றார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். சொல்ல வாயெடுத்தேன், எடுத்தவள் நின்றேன். இவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் அப்படி நின்றதில்லை. தேறிடும், தீனி எடுத்துக்கிச்சு, வெள்ளை குறையுது என்றேன். அவர் முகம் விழுந்தது. ஒரு நொடிதான், உடனே சரிசெய்துகொண்டார், நல்லது நல்லது என்றார், ஆனால் நான் பார்த்துவிட்டேன். காலையில் பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் எழுந்து இங்கே வந்து குனிந்துவிட்டுப் போவாரே, அது பிரியம் என்று நினைத்தேன். பிரியம்தான், வேறொன்றின்மேல். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். துண்டின் முனையை முறுக்கினார், பிரித்தார். "அனு, நாளைக்கு ஆபரேஷன் முடியற வரைக்கும் மட்டும், அந்த மருந்தைப் போடாம இருக்க முடியுமா?" என்றார். "எனக்குத் தெரியும், எல்லாம் தெரியும். அப்புறம் போட்டுக்கோ. ஒரு நாள்தானே."

ஐயோ என்று கத்தவில்லை நான். உள்ளே எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நின்றது. வேதவல்லி கேட்டாள், சரி. ஏகாம்பரம் கேட்டார், சரி. இவருமா. யாருக்காக நான் இந்தச் சோப்பு நுரையில் நின்று ஊர்முழுக்கச் சண்டை போட்டேன், எந்தச் சிரிப்பை நம்பி. ஒரு நாள்தானே என்கிறார். இந்தக் கிருமிக்கு ஒரு நாள் என்பது என்ன என்று இவருக்குத் தெரியாதா, பம்பில் ஒரு வாஷர் தேய்ந்தால் எத்தனை நேரம் தாங்கும் என்று கணக்குச் சொல்கிறவருக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவர் கழுத்தோரத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பயம் இந்த மனுஷனுக்குள் இருந்திருக்கிறது, அதை என்னிடம் சொல்லாமல் ஒரு மீனிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சரி என்று சொல்லிவிடேன். நாளை காலையில் தியேட்டருக்குள் நிம்மதியாகப் போவார். ஒரு கேப்ஸ்யூல். ஒரே ஒரு நாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது அந்தச் சரி. "முடியாது" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்குப் பதிலா ஒண்ணைச் சாகவிட்டுட்டு அந்த வாசல்ல நான் உட்காரமாட்டேன். நீங்க நல்லபடியா வந்தாலும் உங்க முகத்தைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு அதுதான் தெரியும்." நான் வேறொரு கேப்ஸ்யூலைப் பிரித்து டம்ளரில் பொடியைக் கொட்டிக் கரண்டிக்காம்பால் கலக்கினேன். டம்ளர் விளிம்பில் கரண்டி டணடணவென்று அடித்துக்கொண்டது. மஞ்சளாகக் கரைந்தது. டப்பில் ஊற்றினேன். முடிந்தது. இனி யார் என்ன கணக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

பக்கெட்டிலிருந்து மீனை எடுத்து டப்பில் விட வேண்டும். என் கை மருந்தும் ஈரமுமாக வழுக்கியது. நான் குனிவதற்குள் அவர் ஸ்டூலிலிருந்து சரிந்து பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று மனசு ஓடியது, இது என்ன பாரம், ஒரு கிலோ இருக்குமா. கையை நனைச்சுக்கிட்டுத் தொடுங்க, காய்ஞ்ச கையால தொட்டா மேல் வழவழப்பு போயிடும் என்றேன், அதட்டலாகத்தான் வந்தது. நனைத்துக்கொண்டார். இத்தனை நாளில் அவர் அதைத் தொட்டதே இல்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததோடு சரி. இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினார். தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் அது உடம்பு முழுவதையும் வில்லாக வளைத்து அறைந்தது, கிழிந்த வாலால் அவர் மணிக்கட்டில், சட்டையில், முகத்தில் தண்ணீர் தெறிக்க அறைந்தது. விரலைக் கவ்விக் கடித்தது. விட்டுவிடுவார் என்று நினைத்தேன். தரையில் விழுந்தால் முடிந்தது. கீழே விழாமல், நசுக்காமல், நெஞ்சோடு ஒட்டி அணைத்துப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்து மூச்சு வாங்கினார், மீனும் வாய் திறந்து திறந்து மூடியது. டப்பில் இறக்கினார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குமிழிக்குப் பின்னால் போய் நின்றது. அவர் நனைந்த சட்டையோடு கடிபட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ பலம் இருக்கு அனு" என்றார். கண் கலங்கியிருந்ததா, தண்ணீர்தானா, நான் பார்க்கவில்லை, பார்க்க மாட்டேன் என்று லுங்கியை உதறி டப்பின்மேல் போர்த்தினேன். விரலைக் காட்டுங்க, சோப்பு போட்டுக் கழுவுங்க, நாளைக்கு ஆபரேஷனை வெச்சுக்கிட்டு புண்ணோட போய் நின்னா டாக்டர் என்னைத்தான் கேட்பார் என்றேன். தோல் கிழியவில்லை. இரண்டு தடவை கழுவவைத்தேன்.

அவர் எழுந்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, அக்கா என்று கூப்பிட்டார். கூடத்திலிருந்து வேதவல்லி வந்தாள், வந்த வேகத்தில் நனைந்த சட்டையைப் பார்த்து, என்னடா இது, புறப்படற நேரத்துல என்று முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்தாள். அவர் துடைக்கவிட்டார். அப்புறம், தினமும் பாதித் தண்ணியை மாத்தி அந்த மருந்தைப் போட்டுடுக்கா, நான் வர்ற வரைக்கும் என்றார். அவள் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்தாள், நான் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்திருப்பாள். வேணாம்டா புருஷோத்து என்றாள், மெதுவாக, கெஞ்சலாக. "எனக்காகப் போடுக்கா" என்றார். எனக்குத் தெரிந்து அவர் கேட்டு அவள் எதையும் இல்லை என்றதில்லை. அவள் உதடுகள் ஒன்றோடொன்று அழுந்தி, கன்னம் இரண்டும் நடுங்கின. இப்படி ஒரு கேள்வியை அவள்மேல் வைக்கலாமா என்று எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்கு நடுவில்தான் அவள் தலையை அசைத்ததைப் பார்த்தேன். கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான், அவசரத்துக்குப் பிறந்தவன். நான் பை, ஃபைல், ஃப்ளாஸ்க், செருப்பு என்று ஓடினேன். திரும்பி வரும்போது வேதவல்லி பால்கனி வாசலில் நின்றிருந்தாள், கையில் கேப்ஸ்யூல் அட்டை, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. "அனுசு, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றாள். மீனுக்கு ஏது சாப்பாட்டு வேளை, இது என்ன ஆட்டுக்கால் சூப்பா, தண்ணீரில் கரைக்கிற மருந்துக்கு முன்னாடி என்ன பின்னாடி என்ன என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். முன்னாடி அண்ணி, என்றேன்.